தட்டு பிடித்த போரலிங்கய்யா

எங்கள் நூற்பாலையில் பாராட்டுக்குப் பஞ்சமே கிடையாது. அமைச்சர் வந்தால் பாராட்டு, அமைச்சரின் மச்சான் வந்தால் பாராட்டு, ஓய்வு பெறுகிறவருக்குப் பாராட்டு. மாற்றலாகிப் போகும் அதிகாரிக்கு, ஒருவழியாகப் போகிறாரே என்ற நிம்மதியில் கொஞ்சம் கூடுதலாகவே பாராட்டு. சாமராஜநகர் பக்கம் மரியாதை என்றால் அரைகுறையாகச் செய்ய மாட்டோம். தலைக்கு மைசூர் தலைப்பாகை, தோளுக்குச் சால்வை, கழுத்துக்குச் சந்தனச் சீவல் மாலை, கைக்குப் பழக்கூடை. இத்தனையையும் பித்தளைத் தட்டில் அடுக்கி மேடையில் ஏந்தி நிற்க ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆள்தான் ஆபீஸ் பியூன் போரலிங்கய்யா. இருபத்தாறு வருஷமாகத் தட்டு அவர் கையில்.

தலைப்பாகை வாங்க மைசூருக்குப் போவதும் அவரே. பெரிய மனிதர்களிடம் போய்த் தலை அளவு கேட்க முடியுமா? கண்ணாலேயே அளந்துவிடுவார். கடையில் தன் தலையில் வைத்துப் பார்த்து, "இதவிட ரெண்டு விரல் பெருசா குடுப்பா, இவரு போன மாசம்தான் சேர்மன் ஆனாரு" என்பாராம். ஒரு தடவைகூட அளவு தப்பியதில்லை. விழாப் படங்களில் அவருடைய முழங்கை மட்டும் ஓரத்தில் தெரியும். புதிதாக வந்த புகைப்படக்காரர் கெட்டிக்காரர், அதையும் படத்தில் விழாமல் செய்துவிட்டார்.

பொது மேலாளர் ஹிரேமட் சாருக்கு அவர் "ஏய் லிங்கா". நான் பணியாளர் பிரிவு குமாஸ்தா, கேசவமூர்த்தி. போரலிங்கய்யாவைப் பற்றிக் கதை சொல்லி கேன்டீனைச் சிரிக்க வைப்பது என் பொழுதுபோக்கு.

போன வருஷம் எங்கள் பிரிவுக்கு மேலாளராக வாரிஜா காமத் வந்தார், மங்களூர்க்காரர். முதல் நாள் காபி கொண்டுபோன போரலிங்கய்யாவிடம், "உங்க முழுப் பேரு என்னங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாராம். வெளியே வந்து என்னிடம், "சாமி, இந்தம்மா என்னைய வாங்க போங்கன்னு பேசுது. உடம்புக்கு ஏதாச்சும் சரியில்லையா?" என்றார்.

அடுத்து வந்த விழாவில் அவர் மூன்று மணி நேரம் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதை மேடம் கவனித்துவிட்டு, மேடையோரம் ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். ஹிரேமட் சார் பார்த்தார். "பலே யோசனைம்மா, தட்ட வைக்க வசதி" என்று மனதாரப் பாராட்டினார். தட்டு உட்கார்ந்துகொண்டது. போரலிங்கய்யா அதற்குக் காவலாகப் பக்கத்தில் நின்றார்.

இருபத்தைந்து வருஷம் முடித்த ஊழியருக்கு நவம்பர் ஒன்றாம் தேதி, கர்நாடக மாநில நாளான ராஜ்யோத்சவ விழாவில் மரியாதை செய்வது ஆலையின் வழக்கம். போரலிங்கய்யாவுக்கு அது முந்தைய வருஷமே வந்திருக்க வேண்டும். யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு இருந்தது, சொல்லவில்லை. நமக்கெதற்கு வம்பு? மேடம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, பட்டியலில் முதல் பெயராக அவரை எழுதினார். அந்தக் கோப்பைப் பொது மேலாளரின் பெரிய அறைக்குக் கொண்டுபோனவரே போரலிங்கய்யாதான். படிக்காமல் இருப்பாரா? அன்றைக்கே வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுத்தார்.

"என் வீட்டுக்காரி தாயம்மாவையும் கூட்டியாறேன் சாமி. நான் ஆபீஸ்ல என்னதான் வேலை பாக்கறேன்னு அவளுக்கு இன்னும் வெளங்கல" என்றார். சிரிக்கும்போது முகமே மாறிப்போயிருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் ஹிரேமட் சார் பேனாவைத் திறந்தார். மேடமும் நானும் எதிரே நின்றோம்.

"என்னம்மா இது, லிங்காவுக்கா? அவன் நம்ம வீட்டு ஆளு. வீட்டு ஆளுக்கு யாராச்சும் சால்வை போத்துவாங்களா?"

"இருபத்தாறு வருஷம் சார்."

"அதான் சொல்றேன், பழகின ஆளு. அவன மேடையில உக்கார வச்சுட்டா தட்ட யாரு புடிக்கிறது?"

"நான் புடிக்கிறேன் சார்."

சார் வயிறு குலுங்கச் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டார். சிரித்தபடியே முதல் பெயரை அடித்தார். கோப்பைத் திரும்ப எடுத்துப்போக மணியடித்தபோது வந்தவரும் போரலிங்கய்யாதான்.

மறுநாள் தாயம்மா ஒன்றும் தெரியாமல் மூன்றாவது வரிசையில், பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டையோடு மேடையேறிய கணவர் ஏழு பேருக்குத் தட்டு பிடித்தார். முடிந்ததும் தாயம்மா கேசரிபாத் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னங்க, உங்க பேரக் கூப்பிடவே இல்லயே?" என்று கேட்டார்.

"அடுத்த வருஷம் பெருசா செய்யலாம்னு வச்சிருக்காங்க" என்றார் போரலிங்கய்யா.

திங்கட்கிழமை விருப்ப ஓய்வுக் கடிதத்தோடு வந்தார். எட்டு வருஷ சர்வீஸ் பாக்கியிருந்தது. மேடம் வாங்கிப் படித்தார். வேறு அதிகாரியாக இருந்தால், இந்த ஆலை ஒரு குடும்பம் என்று ஆரம்பித்திருப்பார். மேடம் எழுந்து நின்றார்.

"தப்பு எங்களோடது. உங்க வீட்டம்மா முன்னாடி உங்கள அப்படி நிக்க வச்சிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுக்குங்க. இது உங்க கடிதம், உங்க இஷ்டம். ஆனா இவங்களுக்காக உங்க எட்டு வருஷத்த விடாதீங்க."

அவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "மேல இருக்கறவங்க மன்னிப்புக் கேட்டு இப்பதான் சாமி பாக்கறேன்" என்றார். பிறகு அந்தக் கடிதத்தை யாரும் பார்க்கவில்லை.

ஜனவரியில் மேடத்துக்குக் கலபுரகி கிளைக்கு மாற்றல் வந்தது. பெரிய அறையோடு வாதாடினால் வெயிலடிக்கிற ஊர் கிடைப்பது எங்களுக்கு எழுதாத விதி. இரண்டு வருஷம் முடிக்காதவருக்குச் சால்வை கிடையாது என்று எழுதிய விதியும் இருந்தது. அதனால் வழியனுப்பு விழாவுக்கு டீயும் மைசூர்பாகும்தான். அதிகாரிகளுக்கு இருக்க வேண்டிய பொறுமை பற்றி ஹிரேமட் சார் பொறுமையில்லாமல் நான்கு நிமிஷம் பேசினார்.

கைதட்டல் ஓய்வதற்குள் போரலிங்கய்யா தட்டோடு வந்தார். சால்வை, சந்தன மாலை, பழம் எல்லாம் அவரே வாங்கியவை. ஹிரேமட் சார் பழக்கதோஷத்தில் எழுந்து சால்வையை எடுக்கக் கை நீட்டினார்.

"நீங்க உக்காருங்க சார்" என்றார் போரலிங்கய்யா. "இத நானே போத்தறேன்."

சார் உட்கார்ந்தார். அப்போதுதான் போரலிங்கய்யாவுக்குச் சிக்கல் புரிந்தது. இரண்டு கையிலும் தட்டு இருக்கும்போது சால்வையை எப்படிப் போர்த்துவது? சுற்றிலும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். போய்த் தட்டை வாங்கிக்கொண்டேன்.

அவர் அவசரப்படவில்லை. சால்வையை உதறி, விளிம்பு சரிபார்த்து, மேடத்தின் தோளில் போர்த்தினார். மேடம் அழுதுவிட்டார். மாலையைப் போட்டார். பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பித்தளை என்ன கனம்! இரண்டே நிமிஷத்தில் தட்டை வயிற்றில் முட்டுக் கொடுத்துக்கொண்டேன்.

"நேராப் புடிங்க சாமி, சாயுது" என்றார், திரும்பாமலே.

நேராகப் பிடித்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது, கொடுங்கள், நான் கொஞ்சம் பிடிக்கிறேன் என்று நான் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.