வழி மறித்தவர்

எனக்கு வாய் அதிகம். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாமியாரின் வேண்டுதலுக்காகச் சேலத்திலிருந்து ஸ்கூட்டியில் அவரை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனேன். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டோம். மதியமே இறங்கத் தொடங்கினோம். இறக்கம் முழுவதும் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே ஓட்டினேன்.

கொய்யா மூட்டை ஏற்றிய பைக்கில் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தார். வழி விட்டும் முந்தவில்லை. சரிவு குறைந்த ஓர் இடத்தில் திடீரென முந்தி வந்து குறுக்கே நிறுத்தினார். என் வண்டி அவர் பைக்கில் முட்டித்தான் நின்றது.

"பொம்பளைங்கன்னா மறிப்பியா? செருப்பு பிஞ்சிரும்" என்றேன். அதைவிட மோசமாகவும் திட்டினேன்.

"திட்டறதை அப்புறம் திட்டுங்க. மொதல்ல பிரேக்கைப் புடிச்சுப் பாருங்க. தீயிற வாசம் நொம்ப நேரமா அடிக்குதுங்க" என்றார்.

பிடித்தேன். இரண்டு லீவரும் கைப்பிடி வரை போய் ஒட்டின. கொஞ்ச தூரத்தில் அடுத்த கொண்டை ஊசி வளைவு இருந்தது. மாமியார் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பிரேக் சூடு ஆறட்டுங்க. அப்புறம் புடிச்சு விட்டு, புடிச்சு விட்டு எறங்குங்க" என்று சொல்லி, அரை மணி நேரம் கூடவே நின்றார். மாமியாருக்கு இரண்டு கொய்யா கொடுத்தார். பிரேக் பிடிப்பதை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

மாமியார் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். திட்டத் தெரிந்த வாய்க்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

இன்றும் பின்னால் யாராவது விடாமல் ஹாரன் அடித்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் முதலில் வண்டியை ஓரம் கட்டுகிறேன்.