ரேங்க் கட்டத்தில் ஒரு கோடு

போன வாரம் என் மகளுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. வந்தது என்றால், நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள், அவ்வளவுதான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எல்லா மார்க்கையும் பார்த்தேன். நல்ல மார்க். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டிய நான் என்ன கேட்டேன் தெரியுமா? "ரேங்க் என்னடி?" என்று கேட்டேன்.

"ரேங்க்கா? அதெல்லாம் இப்ப யாரும்மா போடுறாங்க?" என்று சிரித்துவிட்டுத் தோழிகளோடு பேசப் போய்விட்டாள். யார் யாருக்கு எவ்வளவு மார்க் என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டது கேட்டது. நான் பிசுபிசுத்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெண்டைக்காய் பாதியில் நின்றது. மனசு எங்கேயோ இழுத்துக்கொண்டு போனது.

ரேங்க் கார்டு உங்களுக்கு ஞாபகமிருக்கும். எங்களுடையது மஞ்சள் அட்டை. பாடங்கள், மார்க், மொத்தம், வருகை, கடைசியில் சின்னதாக ஒரு கட்டம். அதுதான் ரேங்க். என் அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். வீட்டில் ஒரு காலத்தில் நிலம் இருந்ததாம், பங்கு பிரிந்து பிரிந்து எங்கள் கைக்கு வரும்போது கொல்லையும் நாலு தென்னையும் மிஞ்சியிருந்தன. அந்தக் குறையெல்லாம் என் ரேங்க்கில் தீர வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஜமாபந்திக்கு வந்த மனுவைப் பார்ப்பதுபோல் கார்டைப் பிடித்துக்கொண்டு, மார்க்கையெல்லாம் தாண்டி நேரே கடைசிக் கட்டத்துக்குப் போவார்.

"மூணா? யாரு அந்த ரெண்டு பேரு?"

பேராவூரணியில் பெண்கள் பள்ளி. எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் தனலெட்சுமி டீச்சர் ரேங்க் வரிசையில் எங்களை இடம் மாற்றுவார். அவர்தான் வகுப்பாசிரியை, எங்களுக்கு இயற்பியல் எடுப்பவரும் அவரே. முதல் பெஞ்சுக்கு நாங்கள் வைத்த பெயர் தலைமடை. கடைசிப் பெஞ்சு கடைமடை. கல்லணையில் திறந்த தண்ணீர் எங்கள் பக்கத்து வாய்க்காலுக்குக் கடைசியாகத்தான் வரும், சில வருஷம் வராமலே போகும் என்பது அந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். அதனால் அந்தப் பெயருக்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு பாடத்தில் தவறினாலும் ரேங்க் கிடையாது. மொத்தம் மலையளவு இருந்தாலும் சரி, அந்தக் கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். அதை வாங்கியவர்களுக்குப் பெயரே கோடு. "அவ கோடுடி" என்றால் அவளிடம் நோட்டுக் கேட்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். சொன்ன வாயை இப்போது என்ன செய்வது?

தலைமடை வாழ்க்கையைப் பற்றிக் கேளுங்கள். முதல் ரேங்க் உமா. எழுதும்போது இடது கையை நோட்டைச் சுற்றி வளைத்து வைத்துக்கொள்வாள், கோழி முட்டையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல. காலையில் வந்ததும், "படிச்சியாடி?" என்பாள். "ஒண்ணுமே படிக்கலடி, தூங்கிட்டேன்" என்பேன். "நானும்தான்டி" என்பாள். இரண்டு பேருக்கும் கண் சிவந்திருக்கும். ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தினமும் ஒரே பொய்யை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பெயர் சிநேகிதம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அங்கே யாரும் பாடத்தில் சந்தேகம் கேட்க மாட்டோம். கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும் அல்லவா? புரியாததை மனப்பாடம் செய்துவிடுவோம். என் மனப்பாடம் கொஞ்சம் பிரசித்தம்.

பிளஸ் டூ காலாண்டுத் தேர்வில்தான் அந்தக் கூத்து நடந்தது. இயற்பியல் தேர்வுக்கு லாக் டேபிள் புத்தகம் கொண்டுபோகலாம். கடைசிக் கணக்கைப் போட்டுவிட்டு, நூல் வாங்கி, அடிஷனல் ஷீட்டையெல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஜம்மென்று பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டுவிட்டு லாக் புத்தகத்தைப் பிரித்தால், உள்ளே நான்கு அடிஷனல் ஷீட் மடங்காமல் கசங்காமல் அழகாகப் படுத்திருக்கின்றன. மை காயட்டும் என்று நான்தான் வைத்திருக்கிறேன்.

மறுநாள் எடுத்துக்கொண்டு ஓடினேன். தனலெட்சுமி டீச்சர் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் சரியான விடைகள்.

"கட்டிக் கொடுத்தாத்தான்டி பேப்பர். வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா அது கடுதாசி" என்றார்.

இருநூறுக்கு அறுபத்து நான்கு. பாஸ் மார்க் எழுபது. மொத்தத்தில் எட்டாவது இடம், ரேங்க் கட்டத்தில் கோடு. அப்பா அன்று காபியைக் குடிக்கவில்லை. "கோடா? நம்ம வீட்டுலயா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். கையெழுத்து வழக்கத்தைவிடச் சின்னதாக விழுந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு கடைமடைக்குப் போனேன்.

இன்றைக்கும் எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டில் யாராவது கமகமவென்று பவுடர் வாசனையோடு ஏறினால் எனக்கு அந்தப் பெஞ்சுதான் நினைவுக்கு வரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பூமயில். கடற்கரை ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா படகில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். வகுப்பில் எல்லோரையும்விட அதிகமாகப் பவுடர் போட்டுக்கொண்டு வருகிறவள் அவள்தான். கழுத்திலெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருக்கும். ஏன் என்று அப்போது நான் யோசித்ததில்லை. முன்பெஞ்சுக்காரிகள் சிலர் அவளைத் தாண்டும்போது மூக்கைச் சுருக்குவார்கள் என்பது, நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது.

"வா வா. உன்னையும் தள்ளிட்டாங்களா?" என்று நகர்ந்து இடம் விட்டாள். சந்தோஷமாகச் சிரித்தாள், எனக்கு எரிச்சலாக வந்தது.

முதல் வாரமே டீச்சர் மின்காந்தத் தூண்டல் நடத்தினார். தூண்டப்பட்ட மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய காரணத்தையே எதிர்க்கும். இந்த வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், முற்றுப்புள்ளி உட்பட. பூமயில் கையைத் தூக்கினாள்.

"புரியல டீச்சர்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. தலைமடையில் இருந்த காலத்தில் ஒருநாள்கூட அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

"என்ன புரியல?"

"அது ஏன் டீச்சர் எதிர்க்கணும்? பெத்தவங்களையே எதிர்த்துப் பேசுற மாதிரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "கிட்டத்தட்ட அதேதான்டி. எதிர்க்கலன்னா என்ன ஆகும் சொல்லு?" என்று ஆரம்பித்தார். காந்தத்தை உள்ளே தள்ளத் தள்ளக் கம்பிச்சுருள் அதை இன்னும் இழுத்துக்கொண்டால், ஒரு தடவை தள்ளிவிட்டுச் சும்மா இருந்தே ஊருக்கெல்லாம் கரண்ட் எடுக்கலாமே, அப்படி எங்கேயாவது சும்மா கிடைக்குமா என்று கேட்டார். மணி அடித்தும் நிறுத்தவில்லை. ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்புக் காற்று வந்துகொண்டிருந்தது. எனக்குத் தலைக்குள் ஏதோ திறந்த மாதிரி இருந்தது. முற்றுப்புள்ளியோடு தெரிந்த அந்த வரி அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் மூன்று மாதம். என் படிப்பில் அவ்வளவு சுகமான காலம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கடைமடையில் இழக்க ரேங்க் இல்லை, அதனால் மறைக்கவும் ஒன்றுமில்லை. மதியம் சாப்பாட்டை முடித்துவிட்டு பூமயிலுக்கு நான் இயற்பியல் சொல்லிக்கொடுப்பேன். சொல்லிக்கொடுப்பதாக எனக்கு நினைப்பு. அவள் ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்பாள். பதில் தெரியாமல் விழிப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து டீச்சரிடம் போவோம்.

மற்றப் பாடங்களில் அவள் எப்படியோ தேறிவிடுவாள். இயற்பியல்தான் காலை வாரிவிடும். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்த அவள் சித்தி, பிளஸ் டூ பாஸ் பண்ணினால் நர்ஸ் டிரெயினிங்கில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

"பாஸானா தஞ்சாவூரு. பெயிலானா எறா கம்பெனி. அக்கா அங்கதான் இருக்கா. எறா உரிச்சு உரிச்சு அவ வெரலைப் பாக்கணுமே நீ" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொண்டாள்.

அரையாண்டில் அவளுக்கு இயற்பியலில் அறுபத்து மூன்று. காலாண்டில் நாற்பத்தெட்டு வாங்கியவள். எனக்கு அந்தப் பாடத்தில் முதல் மார்க், மொத்தத்தில் இரண்டாவது ரேங்க். இடம் மாற்றும் நாள் வந்தது. டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டார், கொஞ்சம் நிறுத்தினார்.

"நீ வேணும்னா அங்கேயே இருடி. பப்ளிக் வரைக்கும்தானே. ரெண்டு பேருக்கும் நல்லதாத்தான் இருக்கு."

வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் பெஞ்சில் உமா பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. அப்பாவின் முகம் வந்தது. பூமயில் என்னைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடியே போறேன் டீச்சர்" என்றேன்.

நான் வெளியே வர வசதியாகப் பூமயில் முழங்காலை ஒதுக்கிக்கொண்டாள். "போ போ. அங்கேருந்து போர்டு நல்லாத் தெரியும்" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மதியத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நான்கு நாள் போனேன். ஐந்தாம் நாள் பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, முதல் பத்து ரேங்க்குக்கு மட்டும் மதிய வேளையில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கு மாவட்டத்தில் ஒரு இடமாவது வந்தாக வேண்டுமாம். நான் அதைக் காரணமாகப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் பஸ் வருவதற்கு முக்கால் மணி நேரம் இருக்கும், அந்த முக்கால் மணி நேரத்தில் போயிருக்கலாம். போகவில்லை. பொதுத்தேர்வு நெருங்க நெருங்க, பூமயில் பின்னாலிருந்து "புரியல டீச்சர்" என்று கேட்பதும் குறைந்தது. துணைக்கு ஆள் இல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொதுத்தேர்வு இயற்பியல் தாளைப் பிரித்தால், பத்து மார்க் கேள்வியில் அதே மின்காந்தத் தூண்டல். ஏன் எதிர்க்க வேண்டும், விளக்குக. எனக்குக் கை தானாக ஓடியது. பூமயில் கேட்டதும் டீச்சர் சொன்னதும் வரிசையாக வந்தன. நான்கு பக்கம் எழுதினேன், இந்தத் தடவை மறக்காமல் கட்டினேன்.

ரிசல்ட் அன்று நோட்டீஸ் போர்டைச் சுற்றிக் கூட்டம். எனக்கு இயற்பியலில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அப்பா அங்கேயே யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தார். பூமயில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, விரலை வைத்துத் தன் வரிசையைத் தேடினாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. அறுபத்தேழு.

"மூணு மார்க்குடி" என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வேர்வையில் கழுத்துப் பவுடர் கரைந்து ஓடியிருந்தது.

"மறுபடி எழுதிடலாம். நான் வந்து சொல்லித் தர்றேன்" என்றேன்.

"ம்" என்றாள். அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அடுத்த மாதம் நான் திருச்சியில் காலேஜில் சேர்ந்துவிட்டேன்.

என்னுடைய ரேங்க் என்னுடையது என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அப்படித்தான் ஊரெல்லாம் சொன்னார். அதில் பாதி பின்பெஞ்சில் ஒருத்தி கூச்சப்படாமல் கையைத் தூக்கியதால் வந்தது. அவளுடைய அந்த மூன்று மார்க், நான் போகாத சாயங்காலங்களில் எங்கேயோ இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அந்தப் பக்கம் இப்போது எதுவும் பழைய மாதிரி இல்லை. பள்ளிக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒரு புயலில் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. ஓட்டுக் கட்டடத்தை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். தனலெட்சுமி டீச்சரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பூமயிலைத் தேடி அந்தக் கடற்கரை ஊருக்கு ஒரு தடவை காரில் போய் விசாரித்தேன். அந்தக் குடும்பம் எப்போதோ வேறு ஊர் போய்விட்டது என்றார்கள், எந்த ஊர் என்று தெரியவில்லை.

எங்கள் வகுப்புக்கு வாட்ஸாப் குழு ஒன்று இருக்கிறது. உமா ஆரம்பித்தது. அன்று வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, முதல் முறையாக அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டில் இருபத்தொன்பது பேர். டாக்டர், டீச்சர், பேங்க், அமெரிக்கா, எல்லாம் உண்டு. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில், மூன்று மாதம் போய்விட்டு வந்த என்னைத் தவிர, ஒருத்திகூட இல்லை. சேர்க்க வேண்டாம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். யாரிடமும் அவர்கள் நம்பர் இல்லை, அவ்வளவுதான்.

"பூமயில் எங்கே இருக்கா, யாருக்காவது தெரியுமா?" என்று எழுதினேன்.

உமாவிடமிருந்துதான் முதல் பதில் வந்தது. "எந்தப் பூமயில்?"

கடைசிப் பெஞ்சு என்று எழுதினேன், அழித்தேன். இயற்பியலில் பெயிலானவள் என்று எழுதினேன், அதையும் அழித்தேன். பிறகு, "எனக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள்" என்று எழுதி அனுப்பினேன்.