குதிகால் சேராமல் எடுத்த அளவு

பிள்ளைகளே, நான் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மாடியறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டுத் தொழிலுக்கு வந்தவன். யூனிபோமும் ஜாக்கெட்டும் தைத்தாலும் நடன உடுப்புக்குத்தான் என்னைத் தேடி வருவார்கள். நான் சொல்லப்போவதில் எனக்குப் பெருமையான விஷயம் எதுவும் இல்லை. ஆனாலும் உங்கள் வயதுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருப்பதால் எழுதுகிறேன்.

1. அளவு

பரத உடுப்புக்குச் சும்மா நிற்க வைத்து அளவெடுத்தால் பிழையாகிவிடும். பிள்ளையை அரைமண்டியில் நிறுத்த வேண்டும். குதிகால் இரண்டும் சேர்ந்திருக்க, முழங்கால் இரண்டு பக்கமும் விரியும். அப்போதுதான் முன்னால் வரும் விசிறி மடிப்பு எவ்வளவு விரிய வேண்டும் என்று தெரியும்.

என் மகள் கவிஷாவைப் பரத வகுப்பில் சேர்த்துச் சில வாரத்தில் முதல் உடுப்புக்கு அளவெடுத்தேன். அப்போது அவளுக்கு ஏழு வயது. அரைமண்டி என்றதும் கால்களை ஒரு முழம் அகட்டி, முழங்காலை மடக்கி, முழங்கைகளைத் தோள் உயரத்துக்குத் தூக்கி நின்றாள். கண்டிப் பக்கத்துச் சிங்களவர்கள் ஆடும் கண்டிய நடனத்தில்தான் அப்படி நிற்பார்கள்.

"காலைச் சேரும்மா."

சேர்த்தாள். டேப்பை இடுப்பிலிருந்து இறக்குவதற்குள் கால் மறுபடி விலகியது.

"என்ன பழக்கம் இது? சேருன்னா சேக்கணும்."

"அதுவா போகுதுப்பா."

நான் குனிந்து இரண்டு குதிகாலையும் கையால் பிடித்துச் சேர்த்து வைத்தேன். ஒரு பிள்ளை நிற்பதைப் பார்த்தே உடுப்பு எங்கே பிடிக்கும், எங்கே தொய்யும் என்று சொல்லுகிற ஆள் நான். அவளுடைய கால் சொன்னதைக் கவனிக்கவில்லை என்று எழுதலாம். அது பொய். கவனித்தேன்.

2. இரண்டு வகுப்பு

அதற்கு முன் நான்கு சனிக்கிழமை கவிஷா எங்கள் வீட்டுப் பக்கத்து மண்டபத்தில் நடக்கும் கண்டிய நடன வகுப்புக்குப் போனாள். அங்கே படிப்பிக்கும் சிங்கள ஆசிரியரை எல்லாரும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த வீட்டுச் சிங்களப் பிள்ளையின் அம்மா இரண்டு பேரையும் கூட்டிப் போவார். திரும்பி வந்ததும் சோற்றுக்கு உட்கார மாட்டாள். மேளத்தின் தாளத்தை வாயால் சொல்லிக்கொண்டு குசினிக்கும் வாசலுக்குமாக ஆடுவாள்.

அந்த நாட்களில்தான் பரதம் படிப்பிக்கும் மிஸ் கடைக்கு வந்தார். அவருடைய மாணவிகள் எல்லாருக்கும் நான்தான் தைப்பேன்.

"என்ன மாஸ்டர், ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் பரத உடுப்பு தைக்கிறீங்க, உங்க புள்ள அந்தப் பக்கம் ஆடுதாமே" என்று சிரித்தார். "சும்மாதான் கேட்டேன். நம்ம கிளாசுக்கு அனுப்புங்க. மேடையில உங்க தையல எல்லாரும் பாப்பாங்க."

அவர் கட்டாயப்படுத்தவில்லை. பழியை அவர்மேல் போட எனக்கு இடமில்லை. அன்று மாலையே என் மனதில் மாம்பழ நிறப் பட்டு, கருஞ்சிவப்புக் கரை, நெருக்கமான மடிப்பு என்று உடுப்பு முழுவதும் தைத்து முடிந்துவிட்டது. பிள்ளைக்கு எந்த நடனம் பொருந்தும் என்று நான் யோசிக்கவே இல்லை. எந்த உடுப்பில் என் வேலை தெரியும் என்று யோசித்தேன். கண்டிய நடனத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு நான் தைப்பது சாதாரண வெள்ளைச் சட்டைதான்.

"புள்ளகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள் மனைவி.

"ஏழு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்?"

கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. ஐந்தாவது சனிக்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவளிடம், "சேர் உன்ன இனி வர வேணாம்னு சொல்லிட்டாரும்மா. உன் காலு அந்த ஆட்டத்துக்குச் சரிவராதாம்" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். குனிந்து காலைப் பார்த்தாள்.

"காலு மட்டுந்தானா, கையுமா?"

"காலு மட்டும்" என்றேன்.

3. மேடை

பரத நிகழ்ச்சியில் கவிஷா பிழை விடாமல் ஆடினாள். முடிந்ததும் தாய்மார் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "கொஞ்சம் திரும்பும்மா", "கால விரிச்சுக் காட்டும்மா" என்று மடிப்பைப் பார்த்தார்கள். புதிதாகப் பல ஓடர் வந்தது. ஆடியது எப்படி இருந்தது என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும், "இடுப்புல எங்கயாச்சும் பிடிச்சுதா?" என்றுதான் கேட்டேன்.

4. சேர் கடைக்கு வந்தார்

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கண்டிய நடனம் படிப்பிக்கும் சேர் வெள்ளைத் துணிக்கட்டோடு கடைக்கு வந்தார். கவிஷா வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் என் மகள் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

"ஆ, இது எங்கட துவ" என்றார். தமிழும் கொஞ்சம் பேசுவார். துவ என்றால் சிங்களத்தில் மகள். "ஏன் வராம விட்டது? முன் வரிசையில இடம் வெச்சுப் பார்த்துட்டு இருந்தேன். இவவுக்கு நல்ல கால்."

கவிஷா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"காலு சரியில்லன்னு நீங்கதானே சேர் சொன்னீங்க?"

சேர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் சிங்களத்துக்கு மாறி, பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது, அதோடு நிறுத்திவிட்டோம் என்று அவசரமாகச் சொன்னேன். அவளுக்கு விளங்காது என்று நினைத்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு என் மகள் எந்த மொழியில் விளையாடுகிறாள் என்றுகூட நான் கவனித்ததில்லை.

"எனக்குக் காய்ச்சல் வரல சேர்" என்றாள், சிங்களத்திலேயே.

நான் கையிலிருந்த டேப்பைச் சுருட்டினேன். சுருட்டி முடிந்ததும் விரித்து மறுபடி சுருட்டினேன். சேர் நல்ல மனிதர். எத்தனை சட்டை என்று மட்டும் என்னிடம் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நாளைக்கு வகுப்பு இருக்கு துவ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கடையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"சேர் அப்படிச் சொல்லலம்மா. அப்பாதான் பொய் சொன்னேன்."

"ஏன்?"

உடுப்புக்காக என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். அவள் கால் இரண்டையும் நீட்டிப் பார்த்தாள்.

"அப்ப என் காலு நல்ல காலா?"

"நல்ல காலும்மா."

"சேரும் சொன்னாரு" என்றாள். என் வார்த்தை மட்டும் அவளுக்குப் போதவில்லை.

5. பின் வரிசை

கவிஷாவுக்கு இப்போது ஒன்பது வயது. சனிக்கிழமைகளில் கடையை அடைத்துவிட்டு நான்தான் அவளைக் கண்டிய நடன வகுப்புக்குக் கூட்டிப் போகிறேன். முன் வரிசையில் இடம் இருந்தாலும் பின்னால் போய் நிற்கிறாள். சேர் கூப்பிட்டால், "காலு இன்னும் கொஞ்சம் சரியா வரட்டும் சேர்" என்கிறாள். அவளுடைய காலில் குறையே இல்லை என்று அவர் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார்.

"மாஸ்டர், புள்ளைக்குப் பரதமா, கண்டியமா, எது நல்லது?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. முன்பெல்லாம் பரதம் என்று சட்டென்று சொல்வேன். இப்போது டேப்பைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையிடம் "நீ நின்னு காட்டு பாப்போம்" என்கிறேன்.

உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். உன்னால் முடியாது என்று யாரோ சொன்னதாக இன்னொருவர் வந்து சொன்னால், சொன்னவரிடமே நேரில் போய்க் கேளுங்கள். சொல்ல வருவது உங்கள் அப்பாவாக இருந்தாலும் கேளுங்கள். அந்த மண்டபம் எங்கள் வாசலில் நின்றால் தெரியும். அன்று கவிஷா ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.