ஆடுகிறவர் சொன்ன ‘இஞ்சாரும்’

“நைட் கிளப் ஒண்டின்ர வாசலையெண்டாலும் நீர் கண்டிருக்கிறீரோ, பிள்ளை?”

கேட்டவர் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய பதிப்பகத்தின் பதிப்பாசிரியர். அவர் மேசையில் என் நாவலின் தாள்கள் கிடந்தன. நாவலில் இரண்டு ஆண்கள். ஒருவர் கொழும்பில் இரவு விடுதியில் நடனம் ஆடுகிறவர். மற்றவர், தெற்கே கடை வைத்திருந்த ஒரு தீவுக் குடும்பத்தின் கடைசி மகன். இருவரும் காதலிக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், கடைசியில் ஓர் அறையில் சேர்ந்து வாழத் தொடங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை.

“இல்லை, அண்ணை. ஆனால் போன வருசம் நீங்கள் கொலைக் கதை ஒண்டு போட்டனீங்கள். அதை எழுதினவர் ஆரையும் கொண்டவரோ?”

அவர் சிரித்தார். பகிடியை ரசித்த சிரிப்பு அல்ல. இந்தப் பிள்ளைக்கு வாய் நீளம் என்ற சிரிப்பு.

அந்த மேசைக்கு முன்னால் நான் உட்கார்ந்தது அது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் தீவில் இருக்கிற என் ஊர் சுருவிலிலிருந்து பேருந்து பிடித்து, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துப் போவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா தான் ஏறுகிற பனை ஒவ்வொன்றுக்கும் பார்த்தே பெயர் சொல்லுவார், ஆனால் படிவம் ஒன்றை நிரப்ப என்னைத்தான் கூப்பிடுவார். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும் வரும். நான் பட்டம் எடுத்து, தீவில் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். இதை நான் பெருமையாகவே சொல்லுவேன். அட்டையில் என் பெயர் போட்ட ஒரு புத்தகம் வீட்டுக்கு வரவேண்டும் என்பதும் அந்தப் பெருமையில் சேர்ந்ததுதான். வேறு பதிப்பகம் எதுவும் என் கதையைக் கடைசிவரை வாசிக்கக்கூட இல்லை. இவர் ஒருவர்தான் வாசித்தார்.

பல்கலைக்கழக விடுதியில் இருந்தபோது, ஆங்கிலம் பழக வேண்டுமென்று கைத்தொலைபேசியில் காதல் கதைகள் வாசிக்கத் தொடங்கினேன். ஆண்கள் ஆண்களைக் காதலிக்கும் கதைகள் எனக்குப் பிடித்துப்போயின. அவற்றில் அடிக்கடி ஓர் இரவு விடுதி நடனக்காரன் வருவான். வெளிச்சம் அவன் முதுகில் விழும். கதிரையில் ஒரு பணக்காரன் இருந்து பார்ப்பான். நடனக்காரனுக்குக் குடிகாரத் தகப்பன் ஒருவன் கட்டாயம் இருப்பான். ஆனால் முழங்கால் நோகாது. உடுப்புத் தோய்க்கிற வேலை கிடையாது. கடைசி அத்தியாயத்தில் பணக்காரன் அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போவான், அதன்பிறகு அவன் ஆடமாட்டான். அதைத்தான் சந்தோஷமான முடிவு என்பார்கள்.

வாசித்து முடிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். எனக்கு வேலை கிடைத்த கிழமையில் சொந்தக்காரர் ஒருவர் அப்பாவிடம், “நல்ல இடமாப் பாத்துக் கட்டிக் குடும். பேந்து அவள் உந்த வேலைக்கு அலையத் தேவையில்லை” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தார். அவரும் அதே கடைசி அத்தியாயத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

உண்மையாக ஆடுகிற ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் தீவிலேயே கரம்பொன் ஊர்க்காரர். தனியார் வகுப்பில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். ஒரு தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிறபோது பேருந்தில் கண்டேன். பண்ணைப் பாலத்துத் தெருவில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கடல், காற்று, இறங்கி நிற்க ஒரு துண்டு நிழல் இல்லை. அங்கே ஒரு மணித்தியாலம் கதைத்தோம்.

“அம்மா எல்லாருக்கும் நான் ஹோட்டலில வேலை எண்டுதான் சொல்லுறவ,” என்றார். “பொய் இல்லை. ஹோட்டலுக்குக் கீழதானே கிளப் இருக்கு. ஆனால் ஊரில காணுறவையெல்லாம், கொத்துரொட்டி போடுவீரோ எண்டு கேக்கினம்.”

“என்ன சொல்லுவியள்?”

“முட்டை போட்டோ போடாமலோ எண்டு கேப்பன்.”

கால் நோவது பழகிவிடுமாம். பழகாதது சிரிப்பு. இரண்டு மணித்தியாலம் விடாமல் சிரித்தால் கன்னம் விறைத்துப்போய், பிறகு சோறு மெல்லவும் ஏலாதாம். ஒவ்வொரு நாளும் எழும்பியதும் முழங்காலுக்குச் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடுப்பாராம். ‘இதையெல்லாம் நான் எழுதலாமா?’ என்று கேட்டேன்.

“என்னை எழுதாதையும். என்ர வேலையை எழுதும்.”

அப்படியே செய்தேன். அவர் யாரை விரும்பினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் நாவலின் ஆள் வேறு. ஆனால் அந்த ஆளின் முழங்கால், கன்னம், உப்புத்தண்ணீர் எல்லாம் பண்ணைப் பாலத்தில் கிடைத்தவை. என் ஆள் கடைசி அத்தியாயத்திலும் ஆடப் போவார்.

பதிப்பாசிரியருக்கு இதிலெல்லாம் பெரிய குறை இல்லை. இரண்டு ஆண்கள் என்பதைக்கூட, “இப்ப காலம் மாறுதுதானே, பாப்பம்” என்று விழுங்கிக்கொண்டார். அவர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டது பத்தாம் அத்தியாயத்தில் ஒரு சொல்லுக்கு.

எங்கள் பக்கத்தில் கணவனும் மனைவியும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இங்கே பாரும்’ என்பது தேய்ந்து, கணவன் மனைவியை ‘இஞ்சாரும்’ என்பார். மனைவி ஒரு படி மரியாதை கூட்டி ‘இஞ்சாருங்கோ’ என்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பாவின் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை.

என் நாவலில் ஒன்பது அத்தியாயம்வரை இருவரும் பெயர் சொல்லி, ‘நீர்’ என்றுதான் கதைப்பார்கள். பத்தாவதில், ஒரு மத்தியானம், ஆடுகிறவர் உப்புத்தண்ணீர் பேசினுக்குள் காலை வைத்துக்கொண்டு, “இஞ்சாரும், அந்தத் துவாயை எடும்” என்பார். மற்றவர் துவாயோடு வந்து, “இஞ்சாரும், காலைத் தூக்கும்” என்பார். என் கதையின் காதல் காட்சி அதுதான். அதற்கு மேல் ஒரு முத்தமும் தேவைப்படவில்லை.

“ரெண்டு பேரும் இஞ்சாரும் எண்டால் எப்பிடி?” என்றார் பதிப்பாசிரியர். “ஒராள் இஞ்சாருங்கோ எண்டு சொல்ல வேணுமெல்லோ. ஆர் புருசன், ஆர் பெண்சாதி?”

“ரெண்டு பேரும் ஆம்பிளையள் தானே, அண்ணை.”

“அது விளங்குது. எண்டாலும் உந்த ஆடுறவர்தான் பெண்சாதி மாதிரி. மினுக்கல் உடுப்பு, இடுப்பு வளைக்கிறது. அவர் இஞ்சாருங்கோ எண்டு சொன்னால் வாசிக்கிற சனத்துக்குச் சுகமா விளங்கும்.”

“இடுப்பு வளைச்சுப் பனை ஏறுற அப்பாவும் பெண்சாதியோ?”

“கோவிக்காதையும். சரி, குசினிக்குள்ள ஆர் போறது?”

“பசிச்சவர் போவார்.”

அவர் பேனையை மூடினார். அந்தச் சொல்லை மாற்றி, முடிவில் ஆடுகிறவர் வேலையை விட்டுச் சின்னக் கடை ஒன்று போடுவதாகவும் எழுதினால் அடுத்த மாதமே அச்சுக்குப் போகலாம் என்றார். மாற்றாவிட்டால் ஏலாது. அவர் என்னை ‘நீர்’ என்று சொல்லச் சொல்ல, நான் ‘நீங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

நான் மாற்றினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். புத்தக ஆசை அவ்வளவு. கடை போடுகிற முடிவைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, முதலில் மடிக்கணினியில் ஆடுகிறவர் பேசும் இடங்களையெல்லாம் தேடித் தேடி ‘இஞ்சாருங்கோ’ ஆக்கினேன். ஒரு சொல் மாறினால் வினைச்சொல்லும் மாறவேண்டும். ‘எடும்’ போய் ‘எடுங்கோ’ ஆனது. ‘சும்மா இரும்’ போய் ‘சும்மா இருங்கோ’ ஆனது. சண்டை பிடித்துக்கொண்டிருந்த மனிதர் கெஞ்சத் தொடங்கினார். எல்லாம் பழக்கமில்லாத கண்ணுக்குத்தான் அப்படி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

எழுதுவதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். முதலாம் அத்தியாயத்தை வாசித்தபோது, “கிளப்பில ஆடுறவர் எண்டால், எங்கட கிளப்போ, புளியங்கூடல் கிளப்போ?” என்று கேட்டிருந்தா. எங்கள் ஊரில் கிளப் என்றால் கரப்பந்தாட்டம்தான். விளக்கினேன். அறையில் சேர்ந்திருக்கும் இருவரையும் சிநேகிதர்கள் என்று அம்மா நினைத்ததை மட்டும் விளக்கவில்லை. அது என் பயம்.

சொல்லை மாற்றி முடித்த அன்று பின்னேரம், அம்மா குசினி வாசலில் இருந்து அவித்த பனங்கிழங்கைக் கிழித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தா. நான் மாற்றிய பத்தாம் அத்தியாயத்தை வாசித்தேன். “இஞ்சாருங்கோ, அந்தத் துவாயை எடுங்கோ.”

“நில், நில். இவ ஆர்? அறைக்குள்ள பொம்பிளை எப்ப வந்தவ?”

“பொம்பிளை இல்லை, அம்மா. ஆடுறவர்தான் சொல்லுறார்.”

“அந்தாள் இப்பிடிக் கதைக்கிற ஆள் இல்லையே!”

ஒன்பது அத்தியாயம் காதால் கேட்ட மனுசிக்கு அந்த ஆளின் குரல் தெரிந்திருந்தது. சுகமாக விளங்கும் என்று பதிப்பாசிரியர் சொன்ன சொல், கதைக்குள் இல்லாத ஒரு பெண்ணை அறைக்குள் கொண்டுவந்து விட்டது. நான் என்னிடம் இருந்த பழைய பிரதியை எடுத்து, எழுதியிருந்தபடியே வாசித்தேன். இஞ்சாரும், துவாயை எடும். இஞ்சாரும், காலைத் தூக்கும்.

கிழங்கு கிழித்த கை நின்றது.

“ரெண்டு பேருமோ?”

“ஓம்.”

அம்மா கிழங்கின் தும்பை இழுத்து எறிந்தா. “உன்னைப் பொம்பிளை பாக்க ஆரும் வந்தால், உந்தப் பேப்பரெல்லாத்தையும் அலுமாரிக்க வை. இதுக்கோ உன்னைப் படிப்பிச்சது?” என்று சொல்லிவிட்டு எழும்பி ஆட்டுக்குக் குழை கட்டப் போய்விட்டா. இரண்டு நாள் கதை கேட்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பதிப்பகத்தில் ஒருவர் என் ஆளைப் பெண்சாதி ஆக்குகிறார், வீட்டில் ஒருவர் அலுமாரிக்குள் வைக்கச் சொல்கிறார். அந்த மனிதர் பாவம், முழங்கால் நோவோடு நடுவில் நிற்கிறார். மூன்றாம் நாள் தேங்காய் துருவிக்கொண்டே அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்தாளின்ர முழங்கால் நோவு மாறினதோ?” மாறவில்லை என்றேன். வாசி என்று சொல்லவில்லை.

அன்றே பதிப்பாசிரியருக்குக் கடிதம் எழுதி, நாவலைத் திருப்பித் தரும்படி கேட்டேன். அவர் தொலைபேசியில் வந்தார்.

“அவசரப்படாதையும், பிள்ளை. ஒரு சொல்லுத்தானே?”

“ஒரு சொல்லுத்தானே எண்டால் நீங்கள் விட்டுக்குடுக்கலாமே, அண்ணை.”

“அப்ப உந்தப் புத்தகத்தை ஆர் அச்சடிச்சுத் தரப்போயினம்?”

எனக்குத் தெரியாது. அதைத் தெரியாது என்றே சொன்னேன். அட்டையில் என் பெயர் வருவதற்கு இன்னும் எத்தனை வருடமோ, அதுவும் தெரியாது. தாள்களைப் போய் வாங்கிக்கொண்டு வந்து, சிவப்பு வட்டங்களோடு மேசையில் வைத்திருக்கிறேன். மடிக்கணினியில் ‘இஞ்சாருங்கோ’ ஒன்றும் மிச்சமில்லை.

வட்டங்களைப் பார்க்கும்போது ஒன்று மட்டும் உறுத்தியது. வாசலைக் கண்டிருக்கிறீரோ என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் என் ஆள் ஒத்திகை செய்கிறார், அந்த இடம் இன்னும் ஊகமாகவே இருக்கிறது. கரம்பொன்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, ஒத்திகையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் முதலாளியிடம் கேட்டுவிட்டுப் பதில் போட்டார்.

விடுப்புப் படிவத்தில் காரணம் ‘சொந்த அலுவல்’ என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமைக் கொழும்பு ரயிலுக்கு இருக்கை பதிந்தாயிற்று. அவருடைய செய்தி தொலைபேசியில் இருக்கிறது: “சனிக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு வாரும். முன்வாசல் பூட்டிக் கிடக்கும். பின்வாசலால வாரும், நிலம் கழுவியிருப்பினம், வழுக்கும், பாத்து வாரும்.”