அரிவாளின் முதுகு

என் அண்ணன் ஒருவனை அரிவாளால் அடித்தான். வெட்டவில்லை, அடித்தான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டைத்தண்ணி வற்றிப்போனது.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே அவன் இளநீர் வண்டி போட்டிருந்தான். பக்கத்தில் கடை போட்டவனோடு இடத்தகராறு. அந்த ஆள் அண்ணனின் வண்டியைக் குப்புறத் தள்ளிவிட, காய்கள் ரோட்டில் உருண்டன. இளநீர் சீவிக்கொண்டிருந்த அரிவாள் அண்ணன் கையில் இருந்தது. அதைத் திருப்பிப் பிடித்து, கூர் இல்லாத முதுகுப்பக்கத்தால் ஒரே அடி. தோள்பட்டை எலும்பு முறிந்தது. அடிபட்டவனால் இன்றும் அந்தக் கையை முழுசாகத் தூக்க முடியாது. அண்ணன் செய்தது தப்புத்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

வெறுங்கையால் எலும்பை முறித்தால் சட்டத்தில் ஒரு பிரிவு. வெட்டுவதற்கென்றே உள்ள ஆயுதத்தால் முறித்தால் வேறு பிரிவு, தண்டனையும் பெரிது. எந்தப் பக்கத்தால் அடித்தாலும் அரிவாள் அரிவாள்தான் என்று கீழ்க்கோர்ட்டில் ஏழு வருஷம் போட்டார்கள். உடம்பில் வெட்டுக்காயமே இல்லை, பெரிய பிரிவு பொருந்தாது என்று ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டோம். அது முடியும்வரை அவனை வெளியே விடச்சொல்லிக் கேட்ட மனு தள்ளுபடியானது.

பிறகு காத்துக் கிடந்ததுதான். நான் வேலை பார்க்கும் செல்லூர் தறிப்பட்டறையில் லீவு சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் பஸ் ஏறுவேன். சாயங்காலம் வக்கீல் கையை விரிப்பார். "நம்ம கேஸ இன்னைக்கும் எடுக்கலம்மா."

சிறையில் பார்க்கப் போகும்போது அண்ணன் முதலில் எல்லாம் "என்னாச்சு?" என்பான். பிறகு அதையும் விட்டுவிட்டான். "வெயிலு இம்புட்டு அடிக்குதே, எளநீ யாவாரம் நல்லா ஓடும்" என்று யாருடைய வியாபாரத்தையோ பேசுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார்மேல் என்றுதான் தெரியாது.

அப்பீல் ஜெயித்தால் மகன் கையால் அரிவாள் காணிக்கை என்று அம்மா அழகர்கோவில் கருப்பனுக்கு நேர்ந்துகொண்டாள். "அந்தக் கருமத்தாலதான உள்ள கெடக்கான், சாமிக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா?" என்று கத்தினேன்.

"கருப்பனுக்கு வேற என்னத்தடி குடுப்பாக?" என்றாள்.

கடைசியில், நன்னடத்தைக்காகக் கழித்த நாட்கள் போகத் தண்டனையை முழுக்க அனுபவித்துவிட்டு அண்ணன் வெளியே வந்தான். அதற்கப்புறம்தான் அப்பீல் விசாரணைக்கே வந்தது. தீர்ப்பன்று அவனும் என்னோடு வந்து சுவரோரமாக நின்றான். அரிவாளைத் திருப்பி அடித்ததைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும், சின்னப் பிரிவே பொருந்தும், மூன்று வருஷம் போதுமானது என்றார் நீதிபதி.

வெளியே வந்ததும் வக்கீல் அண்ணன் தோளைத் தட்டினார். "நாம சொன்னது நின்னுருச்சு பாத்தியா."

"சார், மூணு வருஷம் போதும்ங்கிறாக. நான் அதுக்கு மேல இருந்துட்டேனே. அது என்னாகும்?"

வக்கீல் நல்ல மனுஷன். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு அந்த டீயைத் தரையில் கொட்ட வேண்டும் போலிருந்தது. குடித்துத் தொலைத்தேன்.

அண்ணன் இப்போது பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். அரிவாளைக் கையால் தொடுவதில்லை. ஆனால் அம்மா விடவில்லை, நேர்ந்தது நேர்ந்ததுதான் என்றாள். புது அரிவாளைப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அழகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். யாராவது போலீஸ்காரர் ஏறிவிடுவாரோ என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருப்பன் சன்னதியில் அம்மா அதை நீட்டினாள். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நீயே குடும்மா."

"ஒனக்காகத்தான்டா நேந்தேன்."

கடைசியில் வாங்கிக்கொண்டான். அங்கே சாமியாகக் கும்பிடுகிற மூடிய கதவைப் பார்த்து, பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"திருப்பித்தான் அடிச்சேன்னு ஒனக்கு அன்னைக்கே தெரியும்ல?"

சாமியிடம் எதிர்த்துப் பேசினால் வாயிலேயே போடுகிற அம்மா, அன்று அரிவாள் சுற்றிவந்த பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.