கண்ட்ரோல் எலிகளுக்கும் ஆறியது

1. நல்ல ஸ்லைடு

சுகுணா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கூப்பிட்டாள். "டாக்டர், கொஞ்சம் வந்து பாருங்க. நான் பாக்குறது சரிதானான்னு எனக்கே சந்தேகமா இருக்குலா."

கெலுகோர் பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்ற பிறகும் நான் ஒப்பந்தத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். சுகுணா என்னிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்தவள். குனிந்து பார்த்தேன். எலியின் நுரையீரல். நாங்கள் போடும் சாயத்தில் தழும்பு நீலமாகத் தெரியும். அந்த ஸ்லைடில் நீலம் குறைவாக இருந்தது.

எங்கள் வேலை இதுதான். உயிரணு பிரியும்போதெல்லாம் குரோமோசோமின் நுனி கொஞ்சம் தேயும். தேய்ந்ததை நீட்டித் தரும் நொதியின் பெயர் டெலோமரேஸ். அதற்கான மரபணு, வளர்ந்த மனிதனின் பெரும்பாலான உயிரணுக்களில் அடங்கிக் கிடக்கும். எலியின் பல உறுப்புகளில் அது வேலை செய்துகொண்டே இருக்கும். சில குடும்பங்களில் அந்த மரபணு பழுதாகி, நுரையீரல் தழும்பேறி இறுகிவிடுகிறது. நாங்கள் எலியின் மூச்சுக்குழாயில் ஒரு மருந்தைச் செலுத்தித் தழும்பை உண்டாக்குவோம். பிறகு பாதி எலிகளுக்கு இந்த மரபணுவைத் தீங்கற்ற வைரஸில் ஏற்றிக் கொடுப்போம். மீதி எலிகளுக்கு வெறும் வைரஸ் மட்டும். அவைதான் கண்ட்ரோல்.

என் மனைவி தேவகிக்கும் நுரையீரல் தழும்பேறும் நோய் வந்திருந்தது. காரணம் தெரியவில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த ஸ்லைடை நான் ஆய்வாளனாக மட்டும் பார்க்கவில்லை.

2. சின்ன வீடு

ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட். தேவகி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல் கேட்டாள்.

"என்னங்க, சின்ன வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

என் எலிகளை அவள் அப்படித்தான் சொல்வாள்.

"உன்னைவிட நல்லா மூச்சு விடுதுங்க."

"விடும்லா. அதுங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுறீங்க. எனக்கு ஒரு நாள் காப்பி போட்டுக் குடுத்திருக்கீங்களா?"

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மெல்பர்னில் இருக்கும் எங்கள் மகள் கவிதாவுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே போக தேவகி டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினாலும், அப்போது அவளால் பயணம் செய்ய முடியும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். நான் ஸ்லைடைப் பற்றிச் சொன்னேன். சொன்ன வேகத்திலேயே அடுத்ததையும் சொன்னேன்.

"இப்போ போகாதே. அங்க குளிரு. இங்கேயே இருந்து உடம்பைத் தேத்திக்கிட்டு, பிள்ளையோட மொதப் பொறந்தநாளுக்குப் போகலாம்."

"அப்போ பத்தியம் யாரு பாக்குறது? அவளுக்குப் பூண்டுக் குழம்பு எவ வெச்சுக் குடுப்பா?"

"ஆள் வெச்சுக்கலாம்."

"பெத்தவ இருக்கும்போது ஆளா? நல்லா இருக்கே நியாயம்."

"எலிக்கு ஆறுது தேவகி. சீக்கிரம் மனுஷங்களுக்கும் கொடுத்துப் பாப்பாங்க. உன் பேரைத்தான் முதல்ல குடுப்பேன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

3. அடுத்த தொகுதி

கூடுதல் காலம் விட்டுவைத்த எலிகளின் ஸ்லைடுகள் சில வாரம் கழித்து வந்தன. சுகுணா இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"டாக்டர், கண்ட்ரோலுக்கும் ஆறிடுச்சு."

எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த மருந்தால் வரும் தழும்பு எலிக்கு நாளடைவில் பெரும்பாலும் தானாகவே ஆறும். மனிதனுக்கு வரும் நோய் அப்படி ஆறுவதில்லை. புது மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவதே இதுதான். மரபணு கொடுத்த எலிகள் கொஞ்சம் முந்திக்கொண்டன, அவ்வளவுதான்.

"ரிப்போர்ட்ல எப்படிப் போடட்டும்?"

"உள்ளதை உள்ளபடி போடு."

போட்டாள். கையெழுத்திட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அன்று சாயங்காலம் தேவகி கையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். "ஏஜென்ட் இன்னிக்குள்ள சொல்லச் சொல்றான். டிக்கெட்டை கேன்சல் பண்ணிடவா?"

மத்தியானம் பார்த்தது என் கண்ணிலேயே நின்றது.

"பண்ணிடு" என்றேன்.

4. அவள் கேட்டது

கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பத்தியத்துக்கு ஓர் ஆளை அமர்த்திக்கொண்டாள். தேவகி போனில் குழம்புக்குப் பக்குவம் சொல்வாள். பாதியில் மூச்சு வாங்கும், போனை என்னிடம் தருவாள். நான் அளவு தெரியாமல் விழிப்பேன். குழந்தையின் முதல் பிறந்தநாள் நெருங்கியபோது தேவகி ஆக்ஸிஜனில் இருந்தாள். விமானம் கூடவே கூடாது என்றார்கள். கவிதாதான் பிள்ளையோடு வந்தாள். தேவகி அதை மடியில் வைத்துக்கொண்டாள். தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை.

அவர்கள் திரும்பிப் போன மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கண்ட்ரோல் எலிக்கும் ஆறிடுச்சு தேவகி. மரபணுவால ஆறல. டிக்கெட் கேன்சல் பண்ணின அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நீ அங்க போய் ஏதாவது ஆயிட்டா, நான் இங்க தனியா இருப்பேனேன்னு பயந்துட்டேன். புராஜெக்ட்டை விட்டுட்டு வரவும் எனக்கு மனசு வரல."

அவள் கோபப்படவில்லை. ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. காதைப் பிடிச்சு உங்களையும் இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்லா."

அந்த வருடம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

இந்தத் துறைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது அதிகம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் நேர்மையாக இருப்பது பெரிய காரியம் இல்லை. அங்கே சரிபார்க்க நாலு பேர் இருக்கிறார்கள். வீட்டில் உங்கள் படிப்பை நம்பி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் எலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்களைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

இப்போதெல்லாம் காலையில் நானே காப்பி போடுகிறேன். அடுப்படியில் யாரும் இல்லாதபோது, "எனக்குப் பயமா இருக்கு தேவகி, நானும் வரேன்" என்று சொல்லிப் பார்க்கிறேன். சொல்லக் கஷ்டமாகவே இல்லை.