துடைப்பதற்கு முன் ஓர் அளவு

என் நிரல் பிழையற்றது என்றால் ஒரு மனிதர் பொய்யர் என்றாகிறது. அப்படியானால் அவர், நான் இருவரில் முதலில் யாரைச் சோதிக்க வேண்டும்? பெருமாநல்லூர் ஆலைகளுக்குச் செல்லும் கண்ணாடி இழைத் தடம் ஒன்று பாதி நாள் செயலிழந்து கிடந்த மறுநாள் காலை, இந்தக் கேள்வியை நான் எதிர்கொள்ள நேர்ந்தது.

திருப்பூரில் பின்னலாடை ஆலைகளுக்கு இணைய இணைப்பு தரும் சிறு நிறுவனத்தில் நான் பொறியாளர். சாலையோர இணைப்புப் பெட்டிகளில் எங்கள் ஒப்பந்த லைன்மேன் மாதந்தோறும் எடுத்து அனுப்பும் ஒளி அளவுகளைக் கொண்டு, வரும் மாதங்களில் எந்தத் தடத்தில் சமிக்ஞை நலியும் என்று கணிக்கும் இயந்திரக் கற்றல் மாதிரியை உருவாக்கியிருந்தேன். அது நலம் என்று கணித்த பெட்டிகளுக்கு மாதச் சோதனையை நிறுத்தினோம். அவற்றில் ஒன்றுதான் இப்போது பழுதாகியிருந்தது.

மேலாளருக்குக் குழப்பமே இல்லை. “மாடல் தப்பில்லீங்க. அதுக்குக் குடுத்த நம்பருதான் தப்பு. அந்த லைன்மேன் ஊட்ல உக்காந்துட்டு எழுதியிருக்காரு. மாசாமாசம் இத்தனை நல்ல ரீடிங் எங்கிருந்துங்க வரும்? திங்கக்கெழமை அவரு கான்ட்ராக்ட்ட முடிச்சிரலாம்.”

லைன்மேனின் மனைவி தைத்துக்கொண்டிருந்த பனியன் கம்பெனி அண்மையில் மூடப்பட்டிருந்தது. அந்த வீட்டுக்கு இவர் வேலை ஒன்றே எஞ்சியிருந்தது. என் மாதிரிக்குக் கிடைத்த பாராட்டே அவர் மீதான குற்றச்சாட்டாகிவிட்டது. மறுக்க என்னிடம் சான்று இல்லை. வியாழக்கிழமை காலை அவருடைய வண்டியில் ஏறிக்கொண்டேன்.

“ஏனுங்க மேடம், கம்ப்யூட்டரு வண்டியில ஏறாதுன்னு நீங்களே வந்துட்டீங்களா?” என்றார். சிரிக்கவில்லை.

முதல் பெட்டி, நூலைத் துணியாகப் பின்னும் ஒரு நிட்டிங் ஆலையின் சுவரையொட்டி இருந்தது. புது இணைப்புகளுக்காக அடிக்கடி திறக்கப்படும் பெட்டி. உள்ளே வெள்ளையாகப் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. அவர் ஒவ்வொரு இழை முனையையும் கழற்றித் துடைத்தார்; வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தார். அதன் பிறகே அளவுமானியைப் பொருத்தினார்.

“தொடைக்கறதுக்கு முன்னாடி அளக்க மாட்டீங்களாண்ணா?”

“பல்லு வெளக்காம யாராச்சும் பொண்ணு பாக்கப் போவாங்களாங்க? அழுக்கோட ரீடிங் அனுப்புனா, இவன் வேலையே செய்யறதில்லைன்னு சொல்லுவீங்க.”

“தொடச்சு அனுப்புனதுக்கும் அதையேதானே சொல்றாங்க?”

“அதைத்தானுங்க நானும் ரெண்டு நாளா ரோசனை பண்ணிட்டிருக்கேன்.”

அந்தப் பெட்டியருகே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. என் மாதிரி பஞ்சையே பார்த்ததில்லை. அவர் துடைத்து முடித்த பிறகான உலகத்தை மட்டுமே அது கற்றிருந்தது. அவருடைய கையால் நலமாக இருந்த தடத்தை, தானாகவே நலமாக இருப்பதாக அது கணித்தது. அதை நம்பி அவர் வருகையை நிறுத்தினோம், இழை முனையில் பஞ்சு சேர்ந்து ஒளியை மறைத்தது. எப்போது அளக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலைக்குள் எல்லாப் பெட்டிகளிலும் துடைக்கும் முன் ஓர் அளவு, துடைத்த பின் ஓர் அளவு எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம், எடுத்தும் முடித்தோம். சேவூர்ப் பக்கம் வயல்களுக்கிடையே இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. நிட்டிங் ஆலைகளை ஒட்டிய இடங்களில் முன்னளவு வெகுவாகத் தாழ்ந்திருந்தது; பின்னளவோ அவர் மாதந்தோறும் எழுதி அனுப்பியதோடு ஒத்துப்போனது. பஞ்சு மூக்கிலேறி நான் விடாமல் தும்மியபோது, “மேடத்தையும் தொடச்சுட்டுத்தான் அளக்கோணுமாட்ட இருக்குது” என்று அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

திங்கட்கிழமை மேலாளரின் மேசைமேல் அளவுத் தாளை வைத்தேன். “அவரு எழுதுனது எல்லாம் உண்மைங்க. தப்பு என்னோட மாடல்லதான்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. செக்கிங்கை நிறுத்தலாம்னு கையெழுத்துப் போட்டது நீங்க. ஆலைக்காரங்களுக்கு உங்க பேருதான் போகும்.”

“போகட்டுங்க.”

போனது. அந்த ஆண்டு எனக்கு வரவேண்டிய பதவி உயர்வும் தள்ளிப்போனது. லைன்மேன் வேலையில் தொடர்கிறார். ஆலைகளை ஒட்டிய பெட்டிகளுக்கு மாதச் சோதனை மீண்டும் நடக்கிறது. அளவுப் படிவத்தில் இப்போது துடைக்கும் முன், துடைத்த பின் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. மாதிரி முதல் கட்டத்திலிருந்து கற்கிறது.